மலைக்குள் கடைசிக் கை

ஜூன் 3, திங்கள்

காலையில் கஞ்சி. மத்தியானம் நெத்திலிக் குழம்பு. மருமகள் சுகுணா உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். தின்றாயிற்று.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை எழுதுவது தெய்வானை, என் பெண்டாட்டி பவுனுவின் தங்கை. அடுத்த வரிசை வீடு. பவுனு இருந்தவரை சாயங்காலம் ஆனால் அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளிடம் ஒப்பிப்பேன். போன தீபாவளிக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்த பிறகும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் உட்காருகிற நாற்காலியைப் பார்த்து. சுகுணா பயந்துவிட்டாள். தெய்வானைதான் வந்து, "நாற்காலிகிட்ட சொல்றத என்கிட்ட சொல்லுங்க மாமா, எழுதியாவது வைக்கிறேன்" என்று கோயிலில் கொடுத்த டைரியைப் பிரித்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எழுதியதைப் படித்தும் காட்ட வேண்டும். அதுதான் பேச்சு.

ஜூன் 5, புதன்

நாகேந்திரன் வந்தான். லாரிக் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், நடைக்குழு என்று ஒன்று வைத்துக்கொண்டு மாதம் ஒரு மலைக்குச் சனங்களைக் கூட்டிப் போகிறவன். குரல் லாரி ஹாரன் மாதிரி.

"தாத்தா, இந்தத் தடவ ஆனைக்கல் மலைக் குகை. உள்ள ஓடுற ஆத்துலயே நடந்து அந்தப் பக்கம் போய் ஏறுறோம். நீங்க அந்தத் தோட்டத்து ஆளாமே? வந்து வாசல்ல நின்னு நாலு கதை சொல்லுங்க."

"வாசல்ல காவல் நிக்க நான் என்ன ஜாகாவா? உள்ள வர்றேன்."

அவன் சிரித்தான். சுகுணாவும் சிரித்தாள். மகன் குணாளன் சிரிக்கவில்லை. "அப்பா, போன மாசம் பாத்ரூம்ல விழுந்தது ஞாபகம் இருக்கா?" என்றான்.

மதியம் நாசி லெமாக் இலவசமாம், தேங்காய்ப்பால் சோறு, கோழிப் பொரியலோடு. அதற்குத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "இதையும் எழுதணுமா?" என்கிறாள் தெய்வானை. எழுது.

ஜூன் 6, வியாழன்

பின்பக்கக் குழாயடியில் தண்ணி தள்ளினேன். சிமெண்டில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். துடைப்பம் தேய்ந்தாலும் ஒரு கை தண்ணி நின்றுவிடுகிறது, கொசு முட்டை போடுகிறது. வாளியை வைத்தால் சாய்கிறது. குணாளன் இந்த மாதக் கடைசி ஞாயிறு அடைத்துவிடுகிறேன் என்று சிமெண்டு மூட்டை வாங்கி வந்துவிட்டான். அடைக்கட்டும்.

அது பவுனு செய்த வேலை. தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்று நானே அந்த இடத்துக்குச் சிமெண்டு பூசினேன். யாரும் மிதிக்காதீங்க என்று கத்திவிட்டு முன்பக்கம் போய் வருவதற்குள் இவள் அங்கே குந்திக்கொண்டிருக்கிறாள். "வழுக்கிருச்சுங்க, கைய ஊனிட்டேன்" என்றாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று திட்டிவிட்டுக் கரண்டியால் தேய்த்தேன். பாதிதான் சமமானது. அவள் கை வேறு செக்கச்செவேல் என்று இருந்தது. சிமெண்டு தோலைத் தின்றுவிட்டது, தேங்காயெண்ணெய் போடு என்றேன். சிரித்தாள். அவ்வளவு திட்டு வாங்கிவிட்டு என்ன சிரிப்போ.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு நீளமாகச் சொல்வேன், கை வலித்தால் சொல் என்று தெய்வானையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கம்பார் டவுனுக்கு உள்ளே தள்ளி ஆனைக்கல் மலை. இந்தப் பக்கம் எங்கள் ஆற்றங்கரைத் தோட்டம். அந்தப் பக்கம் பவுனுவின் கல்லுமலைத் தோட்டம். இரண்டிலும் ரப்பர்ப் பால் மரம்தான், இரண்டிலும் நம் சனம்தான். மண் ரோட்டில் சுற்றினால் அரை நாள். மலையின் வயிற்றுக்குள் ஓடுகிற ஆற்றில் நடந்தால் ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் போய்விடலாம். மழை இல்லாத மாதத்தில் மட்டும். அதனால் பெண் எடுப்பது, கொடுப்பதெல்லாம் அந்த மாதத்தில்தான், அந்த வழியில்தான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணோடு பெண்கள் மட்டும் குகைக்குள் வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பக்கத்து வாசலில் காத்திருக்க வேண்டும். பாதி வழியில் தண்ணிக்கு மேலே ஒரு மேடு, அறை மாதிரி இருக்குமாம். அங்கே ஏறி, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுச் செக்கச்செவேல் என்று ஆலம் கரைத்து, பெண்ணின் வலது கையைத் தோய்த்துச் சுவரில் வைக்கச் சொல்வார்கள். எனக்குச் சம்மதம், இனி என் வீடு அந்தப் பக்கம் என்று அதற்கு அர்த்தம். வைக்காவிட்டால் அப்படியே திருப்பிக் கூட்டிப் போய்விடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படி யாரும் திரும்பியதில்லை. மேட்டறையில் ஆம்பளை ஏறக் கூடாது. நானும் ஏறியதில்லை.

எங்களுக்கு ஆனி மாதம் கல்யாணம். நான் வாசலில் பந்தத்தோடு நிற்கிறேன். உள்ளேயிருந்து முதலில் சிரிப்புச் சத்தம், பிறகு தண்ணிச் சத்தம், பிறகு பவுனு. இடுப்புவரை நனைந்த கூறைச்சேலை. மற்ற கல்யாணப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவார்கள். இவள் வெளிச்சத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சீவுவதற்கு முன்னால் பால் மரத்துப் பட்டையைப் பார்ப்போமே, அந்த மாதிரி. என் கூட்டாளிகளெல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னப்பெண், அழுத மூஞ்சி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அது வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவள்தான்.

"நான் எதுக்கு இதுல?" என்கிறாள். இருந்தாய், அதனால்தான்.

பவுனுதான் அந்த வழியில் வந்த கடைசிப் பெண். அடுத்த வருஷம் ரோடு போட்டு பஸ் விட்டார்கள். சுவரில் கடைசியாக இருப்பது அவள் கை.

அவள் முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. கைக்கு இல்லை. எல்லாப் போட்டோவிலும் ஒன்று பிள்ளையை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள், இல்லாவிட்டால் முந்தானைக்குள் கையை வைத்திருக்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

மழை இல்லை. மீன்காரன் வரவில்லை. முட்டை.

ஜூன் 16, ஞாயிறு

வருஷா வருஷம் மழை நின்றதும் பவுனு ஆரம்பித்துவிடுவாள். "ஒருக்கா குகைக்குக் கூட்டிட்டுப் போங்க." எனக்குச் சுருக்கென்று தைக்கும். அம்மா வீட்டுக்குப் போக பஸ் இருக்கிறது. அதில் போகாமல் குகை எதற்கு? வந்த வழியிலேயே திரும்பிப் போக நினைக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். சண்டை வந்தால் அவளும் சும்மா இருக்க மாட்டாள். "நானா வந்தேன்? நாலு பொம்பளைங்க தள்ளிக்கிட்டு வந்தாங்க" என்பாள். நான் "அங்க என்ன இருக்கு, வௌவால் பீ" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விடுவேன்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

இத்தனை வருஷம் ஒரு பாயில் படுத்து எழுந்தவளிடம் போய், விரும்பித்தான் வந்தாயா என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளும் இல்லை. அந்தக் கை மட்டும் இருக்கிறது. கையை வைத்தவள் சம்மதித்து வந்தவள்தானே? அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

நாசி லெமாக் ஒரு சாக்கு. சுகுணாவிடம் காட்டாதே.

ஜூன் 19, புதன்

கிளினிக் போனேன். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். குகை என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

தெய்வானை நாலு நாளாக ஒரே பல்லவி. "வேணாம் மாமா. பாசி புடிச்ச கல்லு. விழுந்தீங்கன்னா யாரு தூக்குறது?"

"நாகேந்திரன் தூக்குவான். லாரியில சாமான் ஏத்துற பயதானே."

"இத்தன வருஷத்துல அதெல்லாம் அழிஞ்சு போயிருக்கும். போய்ப் பாத்துட்டு மனசு ஒடஞ்சு வருவீங்க."

"நான்தானே ஒடையப் போறேன், ஒனக்கென்ன?"

டைரியைப் பட்டென்று மூடினாள். பிறகு திறந்து இதை எழுதுகிறாள்.

ஜூன் 22, சனி

போய் வந்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

மொத்தம் ஒரு வேன் ஆள். தலைக்குத் தொப்பி, தொப்பியில் விளக்கு. எனக்கு மட்டும் இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை வழிகாட்டி அஸ்ஹார் கையில். மலாய்க்காரப் பையன். எஸ்டேட் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே வருகிறது. என் அடி ஒவ்வொன்றுக்கும் "பெலான் பெலான், தாத்தா" என்றான். மெதுவா மெதுவா என்று அர்த்தம்.

"மாட்ட ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு தாத்தா" என்றான் நாகேந்திரன்.

"மாடு முன்னால போகுது. பின்னால வர்றது என்னன்னு நீயே சொல்லிக்க."

தண்ணி முதலில் கணுக்கால், பிறகு முட்டி, பிறகு இடுப்பு. ஐஸ் தண்ணி. அடியில் மணல் காலுக்குக் கீழேயே நகர்கிறது. ஒரு இடத்தில் கூரை இறங்கி வந்து, மோவாய் தண்ணியில் முட்டுகிற மாதிரி குனிந்து போக வேண்டியிருந்தது. கூறைச்சேலை கட்டிக்கொண்டு இதில் எப்படி வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். வௌவால்கள் ஒரு பக்கம் கீச்சு கீச்சென்று. ஆற்றுச் சத்தம் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்றே தெரியவில்லை.  நாகேந்திரனே வாயை மூடிக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டறை வலது கைப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பொம்பளைகள் வாயால் கேட்டிருக்கிறேன். வலது பக்கம் ஒரு பொந்து வந்தது. இதுதான், இதுதான் என்று நான் கத்த, எல்லோரும் என் பேச்சைக் கேட்டு மண்டி போட்டு ஏறினார்கள். உள்ளே வௌவால் எரு. முழங்கை வரைக்கும் எரு.

"தாத்தா, மாமியார் வீட்டு வழியே மறந்து போச்சா?" என்று கீழேயிருந்து நாகேந்திரன் கேட்டான். அவன் ஒருத்தன்தான் ஏறவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அஸ்ஹார் மெதுவாகச் சொன்னான்: "தாத்தா, அவங்க அந்தப் பக்கத்துலருந்து வந்தவங்க. அவங்க வலது நமக்கு எடது. எடது பக்கம் ஒரு மேடு இருக்கு, வாங்க." இவ்வளவு வருஷம் மனசுக்குள்ளேயே நடந்து பார்த்த வழி, எதிர்த்திசையில் நடந்திருக்கிறேன்.

இடது பக்கம் ஏற்றிவிட்டார்கள். ஒருத்தன் இழுக்க, ஒருத்தன் பின்னாலிருந்து தள்ள. ஏறும்போது, மன்னிச்சுக்குங்கம்மா, ஆம்பளை வர்றேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

இருந்தது. வரிசையாக. சிவப்பெல்லாம் போய்விட்டது. மஞ்சள் கலந்த சுண்ணாம்பு கல்லோடு கல்லாகி, வெளிறின கைகள். நெஞ்சு உயரத்துக்கு ஒன்று பக்கத்தில் ஒன்று. ஒருத்திக்கு மோதிரத் தடம் தெரிகிறது. ஒருத்தி விரலை அகல விரித்திருக்கிறாள். எல்லோரும் விளக்கைத் தூக்கிக் காட்டினார்கள். வரிசையோடு நகர்ந்து கடைசிக்குப் போனேன்.

கடைசிக் கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. சின்னக் கை. என் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கைக்குள் அது முழுசாக அடங்கிவிடும்.

பவுனுவுக்கு என்னைவிட நீள விரல். பால் வாளியை இரண்டு விரலில் தூக்குவாள்.

கல் சுருங்கியிருக்கும். ஈரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு யார் கை

தெய்வானை பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது என்றேன். கண்ணில் தூசி என்கிறாள். இந்த வரியை அதட்டி எழுத வைத்தேன். போதும் இன்றைக்கு.

ஜூன் 24, திங்கள்

சுகுணா எழுதுகிறேன். தெய்வானை சின்னம்மா வரவில்லை, தலைவலியாம். மாமா எழுதச் சொன்னது: "கீரை. முட்டிக்குத் தைலம் போட்டாள் மருமகள். நல்ல பெண், உப்பு மட்டும்தான்."

ஜூன் 26, புதன்

மறுபடியும் சுகுணா. மாமா குழாயடியில் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு சிமெண்டு பூச மணல் வந்துவிட்டது.

ஜூன் 27, வியாழன்

தெய்வானை வந்தாள். வந்து டைரியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.  சுகுணா கலக்கி வைத்த மைலோ ஆறிப்போனது.

பிறகு தன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். "மாமா, அது என் கை" என்றாள்.

அவள் சொன்னதை அவளையே எழுத வைக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி.

"மேட்டறையில ஏறுனதும் அக்கா கைய மடக்கிக்கிட்டா. நான் வைக்க மாட்டேன்னா. பெரியத்தையப் பாத்து, அப்பா சொன்னாரு, நீங்க சொன்னீங்க, நடந்து வந்துட்டேன்கிறா. சம்மதம்னு நான்தானே சொல்லணும், மூஞ்சியையே பாக்காத ஆளுக்கு என்ன சம்மதம்? மொதல்ல பாக்கிறேன். அப்புறம் வாழ்ந்து பாக்கிறேன். புடிச்சிருந்தா நானே ஒரு நாள் வந்து வைக்கிறேன்னா. பெரியத்தை தலையில அடிச்சிக்கிட்டாங்க. கை வைக்காமப் போனா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்கன்னு, பக்கத்துல நின்ன என்னப் புடிச்சு, என் கைய முக்கி, செவத்துல அழுத்திட்டாங்க. யார்கிட்டயாவது சொன்னே, நாக்க அறுத்துருவேன்னாங்க. சின்னப்புள்ள, பயந்துட்டேன். அப்புறம் அக்கா சொன்னா, நீ சொல்லாத, நான் வச்சிட்டுச் சொல்லிக்கிறேன்னு."

"வச்சிட்டுன்னா?"

"அதுக்குத்தானே மாமா வருஷா வருஷம் உங்களக் கேட்டா, குகைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு."

நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். எவனோ மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணப் பண்ண அது நின்று நின்று போனது.

ஜூன் 29, சனி

முதல் தடவை அவள் எப்போது கேட்டாள் என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியதில்லை, கண் முன்னால் நிற்கிறது.

கல்யாணமான இரண்டாவது வருஷம். பவுனுவுக்கு விஷக்காய்ச்சல். லாரி வரவில்லை. முதுகில் சுமந்துகொண்டு பெரிய ரோட்டுவரை நடந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நானே கஞ்சி காய்ச்சினேன். உப்புப் போட மறந்துவிட்டேன். முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மழ நின்னுருச்சா?" என்றாள். "ஒருக்கா என்னக் குகைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா நினைப்பு வந்துவிட்டது, பாவம் என்று நினைத்து, மறுநாளே பஸ் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் இருந்துவிட்டு வா என்றேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்து நின்றாள். "ஏண்டி?" என்றதற்கு, "சும்மா" என்றாள்.

உப்பில்லாத கஞ்சிக்கே சம்மதம் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

இனிமேல் குகைக்குப் போய் என்ன? அவள் இல்லாமல் அவள் கையை யார் வைப்பது?

ஜூன் 30, ஞாயிறு

காலையில் குணாளன் குழாயடியில் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தான். நான் நாற்காலியைப் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கரண்டியில் சிமெண்டை அள்ளி, பள்ளத்துக்கு மேலே கொண்டு போனான்.

"நிறுத்துடா."

"என்னப்பா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

சிமெண்டு தோலைத் தின்றால் ஒரு வாரத்துக்குச் சிவந்திருக்கும். எரியும். மறுநாள் காலையில் பவுனு எனக்குத் தேத்தண்ணி கொடுத்த கை வெள்ளையாக இருந்தது. ஆலச் சிவப்புதான் கழுவினால் போகும். எனக்கு இதுகூட மறக்கவில்லை. மறக்காமல் வைத்திருந்து என்ன பிரயோஜனம், என்ன என்று பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் கரண்டியால் தேய்த்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடுங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

தேங்காய் நார் எடுத்துவரச் சொல்லி, குனிய முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து தேய்த்தேன். பாசி பச்சை பச்சையாக வந்தது. குணாளன் பக்கத்தில் குந்தி, தண்ணி ஊற்றினான். "யாரு கைப்பா இது?" என்றான். தெய்வானை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளங்கை. நாலு விரல், நீள விரல். வலது கை. வழுக்கி ஊன்றின கை கோணலாக விழும், இழுத்துக்கொண்டு போகும். இது நேராக இருக்கிறது. விரல் நுனியெல்லாம் அடுப்படியைப் பார்த்து, நிதானமாக, அழுத்தமாக. அடியில் ஒரு கீறலில் இன்னும் துளி சிவப்பு இருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

கட்டைவிரல் இல்லை. அந்த இடம் மழமழவென்று இருக்கிறது. அது நான் தேய்த்தது.

குழைத்த சிமெண்டை என்ன செய்வது என்று குணாளன் கேட்டான். முன்பக்கக் கேட்டடியில் போடு என்றேன். வாளியை எடுத்துக் குழாய்க்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குகையில் ஆறு ஏறியிருக்கும். வேறென்ன எழுதணும் மாமா என்கிறாள் தெய்வானை. பள்ளம் நிறையத் தண்ணி நிற்கிறது. தள்ளவில்லை என்று எழுது.